பெயர் எழுதிச் சென்றவர்கள்

ஆங்கில நாட்டின் பழைய மாளிகைத் தோட்டங்களைக் காணச் செல்வோர், அவற்றை அமைத்த பிரபுக்களின் பெருமையைக் கேட்டுத் திரும்புவதே பெரும்பாலும் வழக்கம். மண்ணைக் கொத்தியவர் யார், நீர் வார்த்தவர் யார் என்று வினவுவோர் அரியர். கோண்வால் மாவட்டத்தில், மெவகிஸி என்னும் மீன்பிடி ஊருக்கு அண்மையிலுள்ள ஹெலிகன் தோட்டம் இவ்வழக்கத்துக்கு விலக்கானது. அதனைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியபோது, என் உள்ளத்தில் நிலைத்தவர்கள் அதன் உடைமையாளர் அல்லர், உழைப்பாளரே.

திரமெயின் குடும்பத்தார் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆண்ட இடம் அது. மதில் சூழ்ந்த பூந்தோட்டம், காய்கறிப் பாத்திகள், பள்ளத்தாக்கிலே மரப்பன்னங்கள் நிழல் பரப்பும் 'காடு' எனப் பல பகுதிகளாக விரிந்து கிடக்கின்றது. 1914க்கு முன் 22 தோட்டக்காரர் அங்கே பணிபுரிந்தனர்.

அவர்களுடைய திறமையை அறிய அன்னாசிக் குழி ஒன்றே போதும். நம் வேலியோரத்தில் எளிதாக விளையும் அன்னாசி, அக்குளிர் நாட்டில் செல்வர் விருந்துக்குரிய அரும்பொருளாயிருந்தது. கண்ணாடி மூடிய குழியிலே செடியை வைத்து, அதனை அடுத்த அகழிகளில் குதிரை எருவை நிரப்புவர். எரு மக்கும்போது எழும் வெப்பம் சுவரின் துளைகள் வழியே புகுந்து செடியைக் காக்கும். சூடு தணியுமுன் புது எரு இடல் வேண்டும். ஒரு பழத்துக்காக இரண்டு ஆண்டளவு இப்பாடு!

1914இல் முதலாம் உலக மகாயுத்தம் மூண்டது. தோட்டக்காரர் பலர் போர்முனைக்குச் சென்றனர். அவருட் பலர் மீளவில்லை. பராமரிக்கக் கைகள் இல்லாது போகவே, காலப்போக்கில் முட்புதர்கள் பாதைகளை மூடின. 1990ஆம் ஆண்டில் ரிம் சிமிற் என்பவரும், திரமெயின் வழியினரான ஜோன் வில்லிஸ் என்பவரும் புதரை விலக்கி உள்ளே புகுந்த பின்னரே, உறங்கிக் கிடந்த தோட்டம் மீண்டும் வெளிப்பட்டது. 1992 முதல் பொதுமக்கள் அதனைக் கண்டு வருகின்றனர்.

அவ்வாறு வெளிப்பட்டவற்றுள், தோட்டக்காரர்க்கென அமைந்த சிறு கழிப்பறை ஒன்றும் உண்டு. அதன் சுவரில், 1914 ஓகஸ்ட் எனக் குறித்து, அவர்கள் தம் பெயர்களைப் பென்சிலால் எழுதியிருந்தனர். 2013ஆம் ஆண்டில் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் அவ்வறையை உயிருள்ள நினைவுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது.

அவ்வறையின் வாயிலில் நான் நெடுநேரம் நின்றேன். மங்கிய எழுத்துக்கள், கூர்ந்து நோக்கினாலன்றிப் புலப்படா. மாளிகையின் முகப்பிலே பெயர் பொறிக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. கிடைத்தது கழிப்பறைச் சுவர் மட்டுமே. எனினும், இன்று வருவோர் தேடிச் சென்று நிற்பது அச்சுவரின் முன்னேதான். பிரபுவின் செல்வத்தால் எழுந்த தோட்டம், உழைத்தவரின் நினைவாலேயே உயர்வு பெற்றிருக்கின்றது.

வெளியே வந்தபோது, பாத்தியோரத்தில் இளைஞர் ஒருவர் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தார். பூக்களின் பெயர்களைக் கேட்குமுன் அவருடைய பெயரைக் கேட்டறிந்தேன்.