முதலில் கைகளைப் பாருங்கள்

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்தறிவிக்க இரண்டு ஆண்டு ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க பி.எட். வேண்டும். அதுவும் 2015 முதல் இரண்டு ஆண்டுப் படிப்பாகிவிட்டது. கல்லூரியில் பாடம் எடுக்க? முதுகலைப் பட்டத்தோடு நெட் அல்லது செட், இல்லாவிட்டால் முனைவர் பட்டம். பாடம் தெரியுமா என்று பார்க்கிறார்கள். பாடம் நடத்தத் தெரியுமா என்று பார்ப்பதற்கு ஏற்பாடு ஏதும் இல்லை.

எங்கள் கனகம்மாசத்திரத்திலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் இப்போது நிறையப் பிள்ளைகள் பிஎச்.டி. சேருகிறார்கள். திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போடுகிற வீட்டுப் பையன், பொதட்டூர்பேட்டையில் தறி ஓடுகிற வீட்டுப் பெண் என்று குடும்பத்தில் முதல் பட்டதாரிகளாக இருப்பவர்கள் ஆய்வுக்குப் போவதைப் பார்க்க மனம் நிறைகிறது. சேர்ந்த கொஞ்ச நாளில் துறையில் சொல்லிவிடுகிறார்கள்: “முதல் வருஷ பி.எஸ்சி. லேப்பை இனிமே நீ பார்த்துக்கப்பா.” அவ்வளவுதான் உத்தரவு. எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரும் சொல்வதில்லை. முப்பது பேர் ‘அண்ணா, அண்ணா’ என்று சூழ்ந்துகொண்டு நிற்கும்போது அந்தப் பிள்ளை திகைத்துப் போகிறது.

நான் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டராக வேலைக்குச் சேர்ந்தவன். அந்தக் காலத்தில் கல்லூரிகளில் டியூட்டர், டெமான்ஸ்ட்ரேட்டர் என்று பதவிகள் இருந்தன. படித்து முடித்த கையோடு வருகிறவர் மூத்த ஆசிரியருக்குப் பின்னால் நின்று கரைசல் தயாரிப்பார், தராசைச் சரிபார்ப்பார், மாணவர்களின் மேசைக்கு மேசை போவார். மூத்தவர் எப்படிக் கேள்வி கேட்கிறார், எந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார் என்பதையெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் தொழில் படிந்தது. பொதட்டூர்பேட்டையில் புதிதாகத் தறியில் உட்காருகிறவரைக் கொஞ்ச காலம் பழைய கைக்குப் பக்கத்தில்தான் வைத்திருப்பார்கள். அதே ஏற்பாடுதான் இதுவும். அந்தப் பதவிகள் போய்விட்டன. வேலை மட்டும் அப்படியே இருக்கிறது, ஆராய்ச்சி மாணவர் தலையில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சில பிள்ளைகள் என்னைப் பார்க்க வருவார்கள். ஆய்வைப் பற்றி, கட்டுரை எங்கே அனுப்பலாம் என்பதைப் பற்றிக் கேட்பார்கள். நான் அவர்களுடைய லேப் வகுப்பைப் பற்றிக் கேட்பேன். ஒரு முறை ஒரு பெண் சொன்னாள்: “பர்மாங்கனேட் டைட்ரேஷன்ல பசங்களுக்குப் பழுப்பா கலங்கிடுது ஐயா. கீழே கொட்டிட்டு மறுபடியும் பண்ணுங்கன்னு சொல்லிடறேன்.”

“ஏன் கலங்குதுன்னு அவங்ககிட்ட கேட்டியாம்மா?” என்றேன்.

“நேரம் எங்க ஐயா இருக்கு?”

அந்தப் பழுப்புக் கலங்கலில் ஒரு முழு வகுப்பே இருக்கிறது. ஆக்சாலிக் அமிலத்தோடு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, அறுபது எழுபது டிகிரிக்குச் சூடாக்கி, பியூரெட்டிலிருந்து பர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். முதல் சொட்டுகள் நிறம் மாற நேரம் எடுக்கும். மாங்கனீசு அயனிகள் கொஞ்சம் உண்டானதும் அவையே வினையை விரைவாக்கும். பிறகு விட்ட மாத்திரத்தில் நிறம் போகும். அவசரக்காரப் பையன் ஆரம்பத்திலேயே திருகைத் தாராளமாகத் திறந்துவிடுவான். வேறொருவன் சூடாக்கியிருக்கமாட்டான், அல்லது சூடாக்கிவிட்டுப் பக்கத்து மேசைக்குப் பேசப் போய் ஆறவிட்டிருப்பான். இன்னொருத்தி அமிலம் போதுமான அளவு சேர்த்திருக்கமாட்டாள். மூன்று பேர் குடுவையிலும் ஒரே பழுப்பு. காரணம் ஆளுக்கு ஒன்று. கொட்டிவிட்டு மறுபடி செய் என்றால் மூன்று பேரும் அதே தவறை மறுபடி செய்வார்கள். “குடுவையைத் தொட்டுப் பாரு, சூடா இருக்கா?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அந்தப் பையன் ஆயுளுக்கும் மறக்கமாட்டான்.

அதனால் வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது, மாணவர்களின் கைகளைப் பாருங்கள் என்பதைத்தான். நோட்டைப் பிறகு பார்க்கலாம். பர்மாங்கனேட் அடர்நிறம் என்பதால் அதற்கு மட்டும் திரவத்தின் மேல் விளிம்பை வைத்து அளவு படிப்பது வழக்கம். கீழ் வளைவு கண்ணுக்குத் தெரியாது. ஒரு மாணவி எந்த விளிம்பைப் படிக்கிறாள், கண்ணை அந்த மட்டத்துக்குக் கொண்டுவருகிறாளா என்பதை அவள் நிற்கிற நிலையே சொல்லிவிடும். நோட்டில் 10.2, 10.2 என்று இரண்டு அளவுகள் அழகாக ஒத்துப்போயிருக்கும். பக்கத்து மேசையைப் பார்த்து எழுதினாலும் அவை ஒத்துப்போகும். ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையால் டிக் அடித்துக் கையெழுத்துப் போடும் ஆய்வு மாணவர், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்து போடவேண்டும். பொய்யான அளவுக்கு முழு மதிப்பெண்ணும், உண்மையாகச் செய்து 10.5 என்று எழுதியவனுக்குக் குறைந்த மதிப்பெண்ணும் கொடுத்தால் அந்த வகுப்பு முழுவதும் பொய் எழுதக் கற்றுக்கொள்ளும். பதினெட்டு வயதில் கற்றுக்கொண்டதை அவர்கள் ஆராய்ச்சிக்கும் எடுத்துச் செல்வார்கள். இதில் எனக்குக் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

அடுத்தது, கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் இதை அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள், அதற்குள் தாங்களே பதில் சொல்லிவிடுகிறார்கள் அல்லது அடுத்தவரிடம் போய்விடுகிறார்கள் என்று கண்டார். மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன, பேசாத பிள்ளைகளும் வாய் திறக்கிறார்கள். எங்கள் பக்கத்துக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்றும் வீட்டில் தெலுங்கு பேசி, பள்ளியில் தமிழில் படித்து, கல்லூரியில் ஆங்கிலத்தில் பதில் சொல்லவேண்டிய பிள்ளைகள் இங்கே ஏராளம். மூன்று மொழியைக் கடந்து பதில் வரவேண்டும். ஒரு விநாடியில் எப்படி வரும்? வைவாவில் ஒரு பிள்ளை விழித்தால், “உனக்குத் தெரிஞ்ச பாஷையில சொல்லு” என்று சொல்லத் தயங்கவேண்டாம். விஷயம் தெரிந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். ஆங்கிலம் பிறகு வரும்.

மாணவரை வைத்தே மாணவருக்குக் கற்பிப்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருந்தான். 1787-ல் சென்னைக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக நடந்த விடுதிப் பள்ளியைப் பொறுப்பேற்று நடத்தினார். இங்குள்ள பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் கொண்டுவர நினைத்தார். அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துவராததால் எட்டு வயதுப் பையன் ஒருவனையே சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797-ல் லண்டனில் அவர் எழுதி வெளியிட்ட நூலின் வழியாக அது ‘மெட்ராஸ் முறை’ என்று இங்கிலாந்து முழுவதும் பரவியது. அந்த முறையில் குறைகள் உண்டு. மனப்பாடம் மிகுந்தது என்று பிற்காலத்தில் கண்டித்தார்கள். ஆனால் அந்த முறையில் நடந்த பள்ளிகளில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. சட்டாம்பிள்ளைகளுக்கு ஆசிரியர் தனியாகப் பாடம் சொல்லி, அதன்பிறகே மற்றவர்களிடம் அனுப்பினார். இருநூறு ஆண்டுக்கு முன் எட்டு வயதுப் பிள்ளைக்குக் கிடைத்த அந்த முன்தயாரிப்பு, இருபத்தைந்து வயது ஆய்வு மாணவருக்கு இன்று கிடைப்பதில்லை.

செப்டம்பர் 5 வந்தால் திருத்தணியில் டாக்டர் ராதாகிருஷ்ணனுக்கு மாலை போடுகிறோம். 1888-ல் பிறந்த அவர், 1909-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்தார். தத்துவத்தில் முதுகலை முடித்திருந்தும் சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போய்ப் பயிற்சி பெற்றார். அவரைப் போன்ற ஒருவருக்கே அது தேவையாக இருந்தது என்பதை மாலை போடுகிற மேடையில் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

இப்போது ஒரு கதவு திறந்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட பிஎச்.டி. விதிமுறைகளில், எந்தத் துறை ஆய்வாளராக இருந்தாலும் கற்பித்தல், பாடமுறை, எழுத்து ஆகியவற்றில் பயிற்சி பெறவேண்டும் என்று சொல்லியிருக்கிறது. வாரம் நான்கு முதல் ஆறு மணி நேரம் டியூட்டோரியல், ஆய்வகம், விடைத்தாள் மதிப்பீடு போன்ற உதவி ஆசிரியப் பணிகளைத் தரலாம் என்றும் இருக்கிறது. விதி நல்ல விதி. ஆனால் வேலையைத் தருவது எளிது, பயிற்சியைத் தருவது கடினம். ஆறு மணி நேர வேலையை உடனே ஒப்படைத்துவிட்டு, பயிற்சி என்பதை ஒரு சான்றிதழோடு முடித்துவிடுகிற ஆபத்து கண்ணெதிரே தெரிகிறது.

இங்கிருந்து அமெரிக்காவுக்கு ஆராய்ச்சிக்குப் போகிற நம் பிள்ளைகள் பலருக்கு உதவித்தொகையே இந்த வேலைக்காகத்தான். போன உடனே பேச்சுத் தேர்வு, வகுப்பு தொடங்குமுன் பயிற்சி நாட்கள், பல இடங்களில் சில நிமிடப் பாடம் எடுத்துக் காட்டச் சொல்லி அதைப் படம்பிடித்து அவர்களுக்கே போட்டுக் காட்டுவது என்று நடக்கிறது. இதுவும் நமக்குத் தெரியாத ஒன்றல்ல. 1963 வாக்கில் ஸ்டான்போர்டில் உருவான நுண்நிலைக் கற்பித்தலை இன்றைக்கு நம் பி.எட். மாணவர்கள் எல்லோரும் செய்கிறார்கள். கல்வியியல் கல்லூரி அடுத்த தெருவிலேயே இருந்தாலும் வேதியியல் துறை அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

துறைத் தலைவர்களாக இருக்கிறவர்களுக்கு என் விண்ணப்பம் இது. பருவம் தொடங்குமுன் மூன்று நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் ஆய்வு மாணவர்கள் முதலாண்டுச் சோதனைகள் அத்தனையையும் தாங்களே செய்யட்டும்; எங்கே கலங்கும், எங்கே உடையும், எங்கே கை சுடும் என்று அவர்களுக்குத் தெரியட்டும். மறுநாள் பத்து நிமிடம் பாடம் எடுக்கச் சொல்லி உட்கார்ந்து கேளுங்கள். மூன்றாம் நாள் பழைய ரெக்கார்டு நோட்டுகள் சிலவற்றை எல்லோரிடமும் கொடுத்துத் தனித்தனியாக மதிப்பெண் போடச் சொல்லுங்கள். ஒரே நோட்டுக்கு ஆளாளுக்கு என்ன போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்று பேசினால், மதிப்பீடு என்றால் என்ன என்பது அன்றைக்கே விளங்கும். பிறகு பருவம் நடக்கும்போது ஒரு முறையாவது அவர்கள் வகுப்புக்குப் போய்ப் பின்வரிசையில் நில்லுங்கள். குறையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், மாணவர்கள் முன்னால் வேண்டாம்.

இதற்கென்று பெரிய நிதி எதுவும் தேவையில்லை. டெமான்ஸ்ட்ரேட்டராக வேலையைத் தொடங்கி ஓய்வு பெற்றவர்கள் உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஒரு போன் செய்தால் பஸ் பிடித்து வந்துவிடுவோம்.