மாமனாரின் குரல்

என் மாமனாரை நான் பார்த்ததில்லை. அவர் 2003-லேயே காலமாகிவிட்டார்; நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தது 2014-ல். கூடத்தில் மாலை போட்ட படம் ஒன்று இருந்தது. 2015 டிசம்பரில் முடிச்சூருக்குள் அடையாற்று வெள்ளம் புகுந்ததே, அதில் அந்தப் படமும் போயிற்று. ஆல்பங்கள், பத்திரங்கள், அரிசி மூட்டை எல்லாம் ஒரே சேறு. மாடி வீட்டில் ஒண்டி நாங்கள் உயிர் தப்பியதே பெரிசு. மிஞ்சியது பரணில் பித்தளை அண்டாவுக்குள் கிடந்த ஒரே ஒரு வீடியோ கேசட். 1994-ல் நடந்த என் நாத்தனாரின் கல்யாணம்.

அடுத்த வருடம் நாவலூரில் ஃபிளாட்டுக்குக் குடிவந்தோம். கேசட்டும் கூடவே வந்தது. போட்டுப் பார்க்க வி.சி.ஆர். ஏது? கடைசியாக அதைச் செய்துகொண்டிருந்த ஜப்பான் கம்பெனியும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது.

"அதுல உங்க மாமா பேசுவாரு கண்ணு" என்று அத்தை எப்போதாவது சொல்வார். அதோடு சரி.

சென்ற வருடம் பீரோவை ஒழித்து வைக்கும்போது பார்க்கிறேன், நாடாவின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாய்ப் பொடி. பூஞ்சணம்! நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு இது சகஜமாம். அப்படியே ஓட்டினால் கருவியும் கெடும், நாடாவும் அறுந்துபோகலாம். தாம்பரம் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தோம். இரண்டு மாதம் வைத்திருந்து "முடியாதுங்க" என்று திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் மயிலாப்பூரில் ஒரு பெரியவர், பழைய வி.சி.ஆர். இரண்டை உயிரோடு வைத்திருந்தவர், நாடாவைப் பொறுமையாய்த் துடைத்துக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து, பென் டிரைவில் தந்தார். மூன்று மணி நேரக் கேசட் என்றால் பதிவு செய்யவும் மூன்று மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும். அவசரப்படுத்திப் பயனில்லை.

ஆசையாய் டி.வி.யின் பின்னால் பென் டிரைவைச் செருகினோம். படம் வந்தது... சத்தம் வரவில்லை! சில டி.வி.க்களுக்குச் சில வகை ஒலிப்பதிவு புரியாதாம். யார் குரலுக்காக இவ்வளவு அலைந்தோமோ அந்த மனிதர் வாயை மட்டும் அசைக்கிறார். அத்தையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு மீடியா பிளேயர் வந்தது. சோப்பு டப்பா அளவுதான். ஒரு பக்கம் எச்.டி.எம்.ஐ. ஒயர் டி.வி.க்குப் போகிறது, இன்னொரு பக்கம் பென் டிரைவ். இன்டர்நெட்டில் படம் காட்டும் குச்சி ஒன்று ஏற்கெனவே இருந்தது. அது வேறு, இது வேறு. இதற்கு நெட் வேண்டாம், மாதச் சந்தா வேண்டாம். நாம் போட்டு வைத்ததை மட்டும் காட்டும். வாங்கும் முன் உங்கள் டி.வி.யில் எந்த ஓட்டை இருக்கிறது என்று பாருங்கள். பழைய டப்பா டி.வி. என்றால் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயர் போடுகிற பிளேயராகக் கேட்க வேண்டும். கடையிலேயே உங்கள் பென் டிரைவைப் போட்டு, படத்தோடு சத்தமும் வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஒரே ஃபைல் 4 ஜி.பி.க்கு மேல் போனால் சில பென் டிரைவ் ஏற்றுக்கொள்ளாது. நாங்கள் முகூர்த்தம் தனி, ரிசப்ஷன் தனி என்று இரண்டாக வெட்டி வாங்கிக்கொண்டோம். எல்லாவற்றையும் இன்னும் இரண்டு இடத்தில் நகல் எடுத்தும் வைத்தோம். பென் டிரைவை நம்பி மட்டும் இருக்கக் கூடாது.

அன்று சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். அந்தக் காலத்து வீடியோக்காரர்கள் இருக்கிறார்களே, முழுக் கல்யாணத்துக்கும் மேலே சினிமாப் பாட்டைப் போட்டு மூடிவிட்டார்கள்! யார் பேசுவதும் காதில் விழவில்லை. டிராயர் போட்ட பத்து வயதுப் பையன் ஒருவன் ஓடினான். "ஐயோ, அப்பாவா?" என்று குழந்தைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஒரு சின்ன இடைவெளி. அதில் ஒரு கனத்த குரல்:

"பந்தியில உக்காருங்க! யாரும் சாப்பிடாம போகக் கூடாது, ஆமா, சொல்லிட்டேன்!"

அவ்வளவுதான். உடனே பாட்டு வந்துவிட்டது.

"தாத்தா யாரைத் திட்டுறாரு?" என்றான் என் நாலு வயதுப் பிள்ளை. என் கணவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். அத்தை அழவில்லை. "பாயசம் பத்தல அன்னிக்கு. அந்தக் கோவம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏம்மா, இதைத் திருப்பி வைக்க முடியுமா?"

இன்டர்நெட் குச்சியின் ரிமோட்டைத் தொடவே மாட்டேன் என்றவர் அத்தை. எதை அமுக்கினாலும் வேறெங்கோ போய்விடுகிறது என்பார். பகலெல்லாம் நாலாவது மாடியில் தனியாக, ஓடுகிற சேனலையே பார்த்துக்கொண்டிருப்பார். இந்த பிளேயரின் ரிமோட்டில் நிறுத்தும் பட்டன் மேல் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டும், பின்னால் போகும் பட்டன் மேல் பச்சைப் பொட்டும் ஒட்டிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார்!

குழந்தைகள் விஷயத்திலும் எனக்கு நிம்மதி. போட்டது முடிந்தால் முடிந்ததுதான், இன்டர்நெட்டில் போல அடுத்தது அடுத்தது என்று தானாக ஓடிக்கொண்டே இராது. இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லிவிட்டது. இரண்டு வயதுக்குள் டி.வி.யே வேண்டாம் என்கிறார்கள் நம் குழந்தை வைத்தியர்களின் சங்கத்தார். சின்னதாய் இரண்டு கதைப் படம் போட்டு வைத்திருக்கிறேன். முடிந்ததும் பையன் தானே எழுந்து போகிறான். (முதல் வாரம் ரகளை செய்தான், அது வேறு!)

ஆனால் எல்லாம் சுகமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மதியத் தூக்கத்தையும் விட்டுவிட்டு அத்தை அந்த இடைவெளியையே திரும்பத் திரும்பப் போட ஆரம்பித்தார். சாயங்கால நடையும் நின்றது. இவரோ, "அம்மாவை ஏன் பழசுலயே உக்கார வெச்சிருக்கே?" என்றார். எடுத்து ஒளித்து வைக்க எனக்கு மனசு வரவில்லை. இருபது வருடத்துக்கு மேல் கேட்காத குரல் இல்லையா? போதும் என்று சொல்ல நான் யார்?

ஒரு நாள் நோட்டோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இவங்க யாரு அத்தை?" என்று கேட்டேன். அன்றிலிருந்து படம் நகர்கிறது! ஒவ்வொரு முகமாகச் சிவப்புப் பொட்டை அமுக்கி நிறுத்துகிறார். இவர் மாமாவோடு வேலை பார்த்தவர், இவள் எதிர்வீட்டுக்காரி, பிரசவத்தில் போய்விட்டாள், இந்தப் பிள்ளை இப்போது சிங்கப்பூரில்... நான் எழுதிக்கொள்கிறேன். அத்தைக்குப் பிறகு இந்த முகங்களுக்குப் பெயர் சொல்ல ஆளில்லை. ஒரு பக்கம் எழுதியதும் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்குகிறோம். ரெண்டு சுற்று நடக்கிறார்.

இதுவரை நாற்பத்திரண்டு பேர். பந்தியில் மாமாவுக்குப் பின்னால் பச்சைப் பட்டு கட்டி நிற்கிற அம்மாள் யாரென்று மட்டும் தெரியவில்லை. நாத்தனாரைக் கேட்டால், "நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டுல்ல உக்காந்திருந்தேன்!" என்கிறாள். பெருங்களத்தூரிலிருந்து அத்தையின் அக்கா ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அந்த இடத்திலேயே படத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம்.