கால் எட்டும் வண்டி

நெடும்பயணத்திற்கு எந்த மோட்டார் சைக்கிள் ஏற்றது என்று நண்பர்கள் சிலர் அண்மைக் காலமாக நம்மைக் கேட்டு வருகிறார்கள். தமிழ் இலக்கியம் பயிற்றுவிக்கும் ஒருவரிடம் கேட்கத் தகுந்த கேள்விதானா இது என்று உங்களுக்குத் தோன்றலாம். இப்பொருள் பற்றிப் பேச நமக்குள்ள தகுதி ஒன்றே ஒன்றுதான். நமக்குப் பொருந்தாத வண்டியொன்றை வாங்கினோம். அதை மலைச்சாலையில் கீழே போட்டோம். அதற்குரிய விலையை நாம் கொடுக்கவில்லை, நம்மை நம்பிப் பின்னிருக்கையில் அமர்ந்திருந்தவர் கொடுத்தார். அந்தக் கடனை ஓரளவேனும் தீர்க்கும் முயற்சியாக இக்கட்டுரையைக் கொள்ளலாம்.

நம் உயரம் ஐந்தடி மூன்றங்குலம். கல்லூரியில் மாணவர்கள் நமக்கு இட்டு வழங்கும் பெயர் ‘குறள்’ என்பதை நெடுநாள் கழித்தே அறிந்தோம். வள்ளுவர் நூலுக்கு அப்பெயர் வந்த காரணமே நமக்கும் பொருந்துவதால், இலக்கணப்படி பிழை காண வழியில்லை. சிரித்துக்கொண்டே கடந்துவிட்டோம். ஆனால் மனம் கடக்கவில்லை போலும். இல்லாவிடில் நாற்பதைத் தொட்ட வயதில், கடன் வாங்கி, இருக்கை உயரம் 800 மில்லிமீட்டரைத் தாண்டியதும் எடை 200 கிலோவை நெருங்கியதுமான ஒரு வண்டியை ஏன் வாங்கியிருக்கப் போகிறோம்? அதன் பெயர் இங்கு வேண்டாம். குறை வண்டியினுடையது அன்று. நான்குவழிச் சாலையில் அதன்மேல் அமர்ந்து செல்லும்போது நாம் குள்ளமானவர் என்பது யாருக்கும் தெரியாது. வாங்கிய உண்மைக் காரணம் இதுதான். அன்று யாரேனும் இப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்போம்.

வெளியே சொல்லிக்கொண்ட காரணம் வேறு. நம் துணைவியார் மாஞ்சோலையில் பிறந்தவர். அவர் தம்பிக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. பெற்றோர் அவரோடு லைன் வீட்டில் இருந்தனர். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்று, பாம்பே பர்மா வர்த்தக நிறுவனம் காட்டைத் திருத்தி உண்டாக்கிய தோட்டங்கள் அவை. மணிமுத்தாறு அணையைக் கடந்து வனத்துறைச் சோதனைச்சாவடியில் பெயரெழுதிவிட்டு ஏறத் தொடங்கினால், அருவியைத் தாண்டி மாஞ்சோலை. அதற்கும் மேலே காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. தமிழ்நாட்டில் மிகுதியாக மழை பெய்யும் இடங்களின் வரிசையில் நாலுமுக்கும் ஊத்தும் தவறாமல் இடம்பெறும். அந்த மழையைத் தாங்கிய சாலை எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பேருந்து உண்டு; ஆனால் நினைத்த நேரத்திற்குக் கிடையாது. மாமனாருக்கு மூச்சிரைப்பு வந்த ஓர் இரவிற்குப் பிறகு, “நமக்கென்று ஒரு வண்டி வேண்டும்” என்று துணைவியார் சொன்னார். ‘வண்டி’ என்றுதான் அவர் சொன்னார். ‘பெரிய’ என்ற அடைமொழியைச் சேர்த்தது நாம்.

2018 கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை. அணைக்கு மேலே ஒரு கொண்டையூசி வளைவில், மேலிருந்து பேருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் மீது பிழை ஏதுமில்லை. நம்மைக் கண்டதும் அவர் நிறுத்திவிட்டார். நாமும் ஓரமாக நிறுத்தினோம். இடக்காலை ஊன்றத் தேடினோம். தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் நான்கு விரற்கடைப் பள்ளம். தட்டையான தரையிலேயே நுனிவிரலால் மட்டும் தொட்டுவந்த நமக்கு, அந்த நான்கு விரற்கடை கிணற்றாழம். வண்டி சாய்ந்தது. தொடக்கச் சாய்வை ஒரு காலால் தாங்கலாம்; குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டிவிட்டால் வண்டியும் இரண்டு ஆட்களும் மூட்டையுமாகச் சேர்ந்த முந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட எடையை எவராலும் நிறுத்த இயலாது. நாம் எகிறிக் குதித்துத் தப்பினோம். துணைவியாரின் இடக்கை மணிக்கட்டு முறிந்தது.

பேருந்திலிருந்தவர்கள் இறங்கி வண்டியைத் தூக்கினார்கள். அந்தப் பேருந்திலேயே அவர் கீழே மருத்துவமனைக்குப் போனார். நாம் பின்னால் தனியாக ஓட்டிச் சென்றோம். மாவுக்கட்டுப் போட்டு வீடு திரும்பிய இரவில், கோபமே இல்லாத குரலில் அவர் சொன்னது இன்றும் காதில் நிற்கிறது: “ஓட்டத்தாங்க உங்களுக்குத் தெரியுது. நிக்கத் தெரியலியே.”

வண்டி தேர்வு பற்றி நாம் படித்த பக்கங்கள் அனைத்தையும் விட அந்த வாக்கியமே பெரிய பாடம். ஓடும் வண்டி எந்த உயரத்தாருக்கும் பொருந்தும். நிற்கும் வண்டிதான் ஆளைப் பார்க்கும். ஆனால் ஷோரூமில் நாம் கேட்பதெல்லாம் எவ்வளவு வேகம், எத்தனை சிசி என்பதுதான். பயணத்தில் விழுவதோ பெரும்பாலும் நிறுத்தும்போதும், திருப்பும்போதும், பின்னால் உருட்டும்போதும்.

அடுத்த வண்டியைத் தேடுமுன் நம்மையே அளந்து பார்த்தோம். தொல்காப்பியர் எழுத்தின் கால அளவான மாத்திரையைக் கண்ணிமையாலும் கைநொடியாலும் சொன்னார். நம் முன்னோர் நீளத்தை விரற்கடை, சாண், முழம் என்று அளந்தனர். அளவுகோல் உடம்பிலேயே இருந்தது. வண்டிக்கும் அப்படித்தான். இங்கே பயன்படும் அளவு மொத்த உயரம் அன்று, உள்கால் அளவு. செருப்பின்றிச் சுவரில் முதுகு சாய்த்து நின்று, தொடைகளுக்கிடையே தடித்த புத்தகமொன்றை மட்டமாக மேலேற்றி, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். நாம் பயன்படுத்தியது சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் ஒரு தொகுதி. அது இப்படியும் உதவும் என்று அதன் பதிப்பாசிரியர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். கிடைத்த அளவு 73 சென்டிமீட்டர். ஒரே உயரமுடைய இருவருக்கு இந்த அளவு நான்கைந்து சென்டிமீட்டர் வேறுபடலாம். ஆகவே, “என் உயரத்துக்கு எந்த வண்டி?” என்ற கேள்விக்குப் பிறர் சொல்லும் விடை நமக்குப் பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை.

அடுத்தது இருக்கை உயரம். நிறுவனங்கள் அச்சிடும் எண்ணை அப்படியே நம்பலாகாது. அது பொய் என்பதால் அன்று, அது பாதி உண்மை என்பதால். நாம் அமர்ந்ததும் ஷாக் அப்சார்பர் அமுங்கி இருக்கை இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கும். நல்ல காலணியின் அடித்தோல் இன்னும் இரண்டு சென்டிமீட்டர் கொடுக்கும். இவை வரவு. இருக்கையின் முன்பகுதி அகலமாக இருந்தால் தொடைகள் விரிந்து அந்த வரவு முழுவதும் செலவாகிவிடும். 800 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒடுங்கிய இருக்கை, 780 மில்லிமீட்டர் உயரமுள்ள அகன்ற இருக்கையை விட எளிதாகக் காலுக்கு எட்டுவதுண்டு. ஏறி உட்கார்ந்து பார்க்காமல் இதை அறிய வேறு வழியில்லை.

அப்படியானால் தாழ்வான வண்டியை வாங்கிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். நாமும் அப்படித்தான் எண்ணினோம். பஜாஜ் அவெஞ்சரின் இருக்கை 737 மில்லிமீட்டர். ராயல் என்ஃபீல்டு மீட்டியர் 765. இரண்டிலும் இரு பாதங்களும் தரையில் நன்றாகப் பதிந்தன, மனம் குளிர்ந்தது. ஆனால் வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி இரண்டிலும் 170 மில்லிமீட்டரை ஒட்டியதே. கல் பெயர்ந்த மலைச்சாலையில், பின்னால் ஓர் ஆளோடு, அடிப்பகுதி இடிபடும். தவிர, இவ்வகை வண்டிகளில் கால் வைக்கும் இடம் முன்னால் தள்ளியிருப்பதால், பள்ளம் வரும்போது எழுந்து நின்று அதிர்ச்சியை முழங்காலில் வாங்கிக்கொள்ள முடியாது. எல்லாம் முதுகெலும்புக்கே போகும். சமவெளியில் திருநெல்வேலியிலிருந்து இராமேசுவரம் வரை போய்வர அவை அருமையான வண்டிகள். நம் தேவை வேறு.

மறுகோடியில் மலைக்கென்றே பிறந்தவை: 2023-இல் வந்த ஹிமாலயன் 450-க்கு இடைவெளி 230 மில்லிமீட்டர், ஆனால் இருக்கை 825, எடை 196 கிலோ. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200-க்கும் இருக்கை ஏறத்தாழ அதே உயரம். எடையோ 160 கிலோவுக்குள். கால் எட்டாதபோது எடை குறைந்த வண்டி மன்னிக்கும். எடை மிகுந்தது மன்னிக்காது. ஆகவே உயரத்தையும் எடையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

உயரமான வண்டியை வாங்கித் தாழ்த்திக்கொள்வோரும் உண்டு. இருக்கையின் நுரையைச் சீவிக் குறைப்பதில் பெரிய தீங்கில்லை. நெடுந்தொலைவில் இடுப்பு வலிக்கும், அவ்வளவே. பின்பக்க ஷாக் அப்சார்பரின் இணைப்பை மாற்றித் தாழ்த்தினால் தரை இடைவெளி குறையும். திருப்பத்தில் வண்டியின் நடத்தை மாறும். பலரும் மறப்பது சைடு ஸ்டாண்டை. வண்டி தாழ்ந்ததும் ஸ்டாண்டு நீளமாகிவிடும். வண்டி சாயாமல் நிமிர்ந்து நிற்கும். காற்றடித்தாலே மறுபக்கம் விழும்.

சிசி பற்றி ஒரு சொல். மோட்டார் சைக்கிள் பயணத்தை உலக இலக்கியத்தில் நிலைநிறுத்திய நூல்களுள் ஒன்று ராபர்ட் பிர்சிக் 1974-இல் வெளியிட்ட ‘ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’. 1968-இல் பதினொரு வயது மகனைப் பின்னால் அமர்த்திக்கொண்டு மின்னசோட்டாவிலிருந்து கலிபோர்னியா வரை அவர் ஓட்டிய ஹோண்டா சூப்பர் ஹாக் வெறும் 305 சிசி. அமெரிக்காவின் பாதியைக் கடக்க அது போதுமானதாக இருந்தது. நமக்கு மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலை.

மூன்று மாதம் தேடிய பின் 2023-இல் நாம் வாங்கியது டி.வி.எஸ். ரோனின். 225.9 சிசி, இருக்கை 795 மில்லிமீட்டர், இடைவெளி 181, எடை 160 கிலோவை ஒட்டி. எந்தக் கணக்கிலும் முதலிடம் பெறாத, எல்லாக் கணக்கிலும் தேறுகிற வண்டி. இரு முன்பாதங்களும் ஊன்றின. இடுப்பைச் சற்றே நகர்த்தினால் இடப்பாதம் முழுதும் பதிந்தது. டியூப் இல்லாத டயர் என்பதால் பஞ்சரை வழியிலேயே நாமே அடைத்துக்கொள்ளலாம். டி.வி.எஸ். குழுமத்தை நிறுவிய சுந்தரம் ஐயங்கார் இதே மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள திருக்குறுங்குடியில் பிறந்தவர் என்பது வாங்கிய பின்னர் நினைவுக்கு வந்த உபரி மகிழ்ச்சி. நீங்களும் இதையே வாங்குங்கள் என்று சொல்லவில்லை. நம் 73 சென்டிமீட்டருக்கும் நம் சாலைக்கும் இது பொருந்தியது.

ஷோரூமுக்குத் துணைவியாரையும் அழைத்துச் சென்றோம். விற்பனையாளர் எஞ்சினின் பெருமையை விவரித்துக்கொண்டிருக்க, அவர் பின்னிருக்கையில் ஏறி அமர்ந்து, “இப்பிடியே பின்னால உருட்டுங்க பாப்போம்” என்றார். ஷோரூம் வாசலின் சரிவில் இருவருமாக அமர்ந்தபடி உருட்டிக் காட்டிய பிறகே பணம் கட்ட ஒப்பினார். அவர் வைத்த தேர்வை நண்பர்கள் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறோம்: பின்னால் ஆளோடு, சரிவில், நின்று பாருங்கள். சரிவில் நிற்கும்போது வலக்கால் பின்பிரேக்கிலும் இடக்கால் தரையிலும் இருக்கப் பழகுங்கள். நிறுத்துமுன் கால் ஊன்றப்போகும் இடத்தைக் கண்ணால் பாருங்கள். இறங்கும்போது நியூட்ரலில் விடாதீர்கள்; தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடேறிக் கைவிடாது.

2024-இல் நிறுவனம் தோட்டப் பணியை நிறுத்த முடிவெடுத்தது. குத்தகைக் காலம் முடிய இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு என்றார்கள். விருப்பம் யாருடையது என்று மைத்துனர் நம்மைக் கேட்டார். இலக்கணம் படித்த நமக்கும் விடை தெரியவில்லை. அந்த ஆண்டு ஆடி மாதத்தில், வீட்டைக் காலிசெய்ய உதவுவதற்காக நாமும் துணைவியாரும் ஏறினோம். (சுற்றிப் பார்க்க விரும்புவோர் வனத்துறையின் முன் அனுமதியையும், எந்த வண்டிக்கு அனுமதி என்பதையும் கேட்டறிந்தே புறப்பட வேண்டும்.)

அதே கொண்டையூசி வளைவு. மேலிருந்து ஒரு சிற்றுந்து லாரி இறங்கியது. கட்டில், பீரோ, தண்ணீர்க் குடங்கள், அவற்றின் மேல் ஒரு தையல் இயந்திரம், அதைப் பிடித்தபடி ஒரு முதியவர். யார் வீடோ இறங்கிக்கொண்டிருந்தது. நாம் இடப்புறம் ஒதுங்கி நிறுத்தினோம். தார் முடிந்த இடத்தில் அந்தப் பள்ளம் இன்னும் அப்படியேதான் இருந்தது. அதற்கு ஒரு சாண் இப்பால் இடக்காலை ஊன்றினோம். முழங்கால் சற்று மடங்கி நின்றது. முழுதாகத் திரும்பாத அந்த இடக்கை நம் தோளில் இருந்தது, அது இறுகவில்லை.

லாரி கடந்து கீழே மறையும்வரை நின்றிருந்தோம். வண்டி அசையவில்லை. “போலாம்” என்றார் அவர்.