ட்ராம்பே நரிகளும் கேமராப் பொறியும்

எலியைப் பிடிப்பதும் பொறி, இயந்திரமும் பொறி, கண் காது மூக்கு முதலிய ஐந்தும் பொறி. தானே இயங்கி விலங்குகளைப் படம் பிடிக்கும் கருவிக்கு ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்துக் ‘கேமராப் பொறி’ என்று வழங்கத் தொடங்கியவர்கள் இந்த மூன்று பொருளையும் எண்ணிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் கருவிக்கு மூன்றும் பொருந்துகின்றன. நாளிதழ்கள் எழுதும் ‘தானியங்கிக் கேமரா’ என்ற பெயர் பிழையற்றது; ஆனால் உயிரற்றது.

இக்கருவியை வாங்க முற்படுவோர் முதலில் அறிய வேண்டியது, இன்று சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான மாதிரிகள் வட அமெரிக்க மான் வேட்டைக்காரர்களை மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்டவை என்பதாகும். வேட்டைப் பருவத்துக்கு முன் எந்தத் தடத்தில் எந்த நேரத்தில் கொம்பு பெருத்த மான் நடக்கிறது என்று வேவு பார்ப்பதே அவற்றின் வேலை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்துவிட்டது. எனவே அங்குள்ளோர் எழுதும் பரிந்துரைகளை இங்குள்ள ஆய்வாளர் படிக்கும்போது, வேறொருவர் கேட்ட கேள்விக்கான விடையைப் படிக்கிறார். இங்கே இக்கருவியின் வரலாறும் வேறு. ஐக்கிய மாகாணக் காடுகளில் வன அலுவலராயிருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், புலி இடறும் கம்பியைத் தடத்தின் குறுக்கே கட்டி இரவில் படம் எடுத்தார்; அவருடைய நூல் 1927இல் வெளிவந்தது. அப்படங்களிலுள்ள வரிகளைக் கொண்டு ஒரு புலியை இன்னொரு புலியிடமிருந்து பிரித்தறியலாம் என்பதை உல்லாஸ் காரந்த் நாகரஹொளேயில் புள்ளியியலோடு இணைத்து, 1995இல் ஆய்வுக் கட்டுரையாக்கினார். அதன்பின் கேமரா என்பது எண்ணும் கருவியாயிற்று.

மும்பை இக்கருவியை நன்கு அறிந்த நகரம். ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் 2015இல் நடந்த கணக்கெடுப்பு 35 சிறுத்தைகளைக் காட்டியது. 2018இல் அந்த எண் 47. சிறுத்தையின் வலப்புறப் புள்ளிகளும் இடப்புறப் புள்ளிகளும் ஒன்றாயிரா. ஆதலால் தடத்தின் இரு பக்கமும் எதிரெதிரே இரண்டு கேமராக்கள் வேண்டும். புள்ளிகள் கலங்காமல் விழ வெண்ணிற ஒளி வீச்சும் விரும்பத்தக்கது. ஓர் ஒற்றன் கொண்டுவரும் செய்தியை அப்படியே ஏற்காமல் மற்றொருவனை அனுப்பிச் சரிபார்க்கும் முறையைத் திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் பேசுகிறது. காட்டில் அது விலங்கின் உடலமைப்பே விதிக்கும் கட்டாயமாகிறது.

நரிக்குப் புள்ளி இல்லை. தாராவியில் பிறந்து, மாட்டுங்காவில் கல்லூரி படித்து, செம்பூரை அடுத்த ட்ராம்பேக் கடற்கரையின் அலையாத்திக் காடுகளில் நரிகளைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராயும் மாணவி ஒருவருக்குச் சிக்கல் தொடங்கிய இடம் அதுதான். எத்தனை நரி என்ற கேள்வியை ஒரு படத்தைக் கொண்டு தீர்க்க இயலாது. ‘இந்தத் துண்டு நிலத்தில் நரி உண்டா, இல்லையா’ என்பதே படத்தால் விடை சொல்லக்கூடிய கேள்வி. எளிதாகத் தோன்றும் இக்கேள்வியில் ‘இல்லை’ என்ற விடை ஆபத்தானது. ஒரு நிலத்தில் விலங்கில்லை என்று அறிக்கையில் ஏறிவிட்டால், அங்கே மண் கொட்டுவோருக்கு அது போதும்.

(சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. தமிழில் ‘நரி’ என்பது ஊளையிடும் இந்த விலங்கையே குறிக்கும். வளை தோண்டி வாழும் சிறிய இனம் குழிநரி. பேச்சு வழக்கோ இரண்டையும் ‘குள்ளநரி’ என்று கலந்துவிடுகிறது. அப்பகுதி மராத்தியருக்கு அது கோல்ஹா. மாணவியின் வினாப்படிவத்தில் முதல் ஐம்பது விடைகள் இதனாலேயே பயன்படாமற் போயின. அங்குள்ள ‘சீட்டா கேம்ப்’ குடியிருப்பின் பெயரிலுள்ள சீட்டா, பேச்சு இந்தியில் சிறுத்தையையும் குறிக்கும், சிவிங்கிப்புலியையும் குறிக்கும்.)

கையிலிருந்த நிதி ஆறு கேமராக்களுக்குப் போதும். விலை உயர்ந்ததென்றால் இரண்டுக்குத்தான். விளம்பரங்கள் மெகாபிக்சலை முன்னிறுத்தின. அந்த எண் பெரும்பாலும் மென்பொருள் ஊதிப் பெருக்கியது; நரியா நாயா என்று அறிய அதில் பத்தில் ஒரு பங்கு போதும். உண்மையில் கருவியின் தரம் உணரியில் இருக்கிறது. அது அசைவைப் பார்ப்பதில்லை. வெப்பத்தின் வேறுபாடு அசைவதைப் பார்க்கிறது. பின்னணியைவிடச் சூடான ஓர் உடல் உணரியின் ஒரு பகுதியிலிருந்து மறு பகுதிக்குக் கடக்கும்போது கேமரா விழித்துக்கொள்கிறது. ஆகவே குறுக்கே செல்லும் விலங்கு எளிதில் சிக்கும். நேரெதிரே வருவது தப்பலாம். மே மாதத்து மும்பைப் பிற்பகலில் காற்றும் சேறும் உடற்சூட்டை நெருங்கிவிட, உணரி குருடாகிறது. குளிர்நாட்டில் எழுதப்பட்ட மதிப்புரைகள் இதைச் சொல்வதில்லை.

விழித்த பிறகு படம் எடுக்க ஆகும் நேரம் அடுத்தது. சிறு ஓட்டத்தில் செல்லும் நரி ஒரு நொடியில் இரண்டு மூன்று மீட்டர் கடக்கும். மூன்று மீட்டர் தொலைவில் கேமராவின் பார்வை அகலமும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஒரு நொடி தாமதிக்கும் கருவிக்குக் கிடைப்பது வால். சில வேளை வாலும் இல்லை. அரை நொடிக்குள் இயங்குவது வேண்டும்.

இவற்றை அட்டவணைகளைப் பார்த்து முடிவு செய்யாமல், மாணவி மூன்று மாதிரிகளில் ஒவ்வொன்றை இரவல் வாங்கித் தாராவியில் தம் வீட்டுச் சந்தின் சுவரில் அருகருகே கட்டினார். தெருநாய் நரியைவிடச் சற்றே பெரியது, இரவெல்லாம் உலவும், அனுமதி கேட்கத் தேவையில்லை. பழைய கைப்பேசி ஒன்று இடைவிடாது காணொளி எடுத்தது. காலையில் காணொளியில் நாய்களை எண்ணி, ஒவ்வொரு கேமராவும் எத்தனையைத் தவறவிட்டது என்று கணக்கிட்டார். ஐந்து இரவுகளின் முடிவில், விலை நடுத்தரமான மாதிரி விலை உயர்ந்ததற்கு ஏறத்தாழ இணையாக நின்றது. மலிவானது பாதிக்கு மேல் தவறவிட்டது. நிறுவனங்களின் எந்தத் தாளிலும் இல்லாத எண் அது.

தவறவிடுதல் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைச் சிறு கணக்கு காட்டும். நரி வாழும் இடத்தில் ஒரு கேமரா ஓர் இரவில் அதைப் பதியும் வாய்ப்பு 0.3 என்று கொள்வோம். பத்து இரவும் வெறுமையாய்ப் போகும் வாய்ப்பு 0.7இன் பத்தாம் அடுக்கு. அதாவது நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. அந்த வாய்ப்பு 0.1 ஆனால், பத்து இரவுக்குப் பின்னும் நூற்றுக்கு முப்பத்தைந்து முறை ‘நரி இல்லை’ என்று தவறாக முடிவு செய்வோம். கண்டறியும் திறனைத் தனியே மதிப்பிடாத ஆய்வில் இந்தத் தவறு நிலத்தின் மேல் ஏற்றப்படுகிறது. கருவியின் மேல் அன்று.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. அசையும் புல்லும் வெயில்பட்ட இலையும் கேமராவை வீணாக எழுப்பும்; தடத்தில் நடக்கும் மனிதரும் மாடுகளும் எழுப்புவர். 2018ஆம் ஆண்டின் அனைத்திந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமராக்கள் எடுத்த படங்கள் 3,48,58,623. அவற்றுள் புலி 76,651, சிறுத்தை 51,777. இரண்டையும் சேர்த்தாலும் ஆயிரத்துக்கு நான்குகூட இல்லை. மின்கலத்தையும் நினைவட்டையையும் தின்பவை எஞ்சிய படங்களே.

அலையாத்திக் காட்டில் கூடுதலாக உப்பும் ஓதமும் இருக்கின்றன. மும்பையில் பேரோத நாள்களில் கடல்மட்டம் ஐந்து மீட்டரை நெருங்கும். ஓத அட்டவணையைப் பாராமல் முழங்கால் உயரத்தில் கட்டிய கேமரா அமாவாசையன்று மூழ்கும். மின்னேற்றக்கூடிய கலங்கள் 1.2 வோல்ட் மட்டுமே தருவதால் சில மாதிரிகள் அவற்றோடு இரவில் தடுமாறும். ரப்பர் விளிம்பைத் துடைத்து மூடுவதும், உள்ளே ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் வைப்பதும் கருவியின் ஆயுளை நிர்ணயிக்கின்றன. இவையெல்லாம் ஒரே நாளில் கற்கக்கூடியவை.

கற்க நாளானது ஒளியைப் பற்றிய தேர்வு. இரவில் படமெடுக்க அகச்சிவப்பு விளக்குகள் இருவகை. 850 நானோமீட்டர் அலைநீளமுள்ளவை தொலைவு எட்டும். ஆனால் எரியும்போது மங்கிய செந்நிறப் புள்ளிகளாய்க் கண்ணுக்குத் தெரியும். 940 நானோமீட்டர் விளக்கு எவர் கண்ணுக்கும் தெரியாது. எட்டும் தொலைவு குறைவு. நகரத்தில் கேமரா திருடு போகும் என்பதால் கண்ணுக்குத் தெரியாததையே வாங்க வேண்டுமென்று கேட்ட இடத்திலெல்லாம் சொன்னார்கள். மாணவியும் அதற்கே மனத்தைத் தயார்செய்திருந்தார்.

சீட்டா கேம்ப் ஓரத்தில் இடம் பார்க்கச் சென்ற மாலையில், தண்ணீர்க் குடத்தோடு நின்ற முதியவர் ஒருவர் கருவியை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“ஏ புள்ள, இது ராத்திரியிலயும் பாக்கும்ங்கியே. நாங்க ஒதுங்கப் போறதும் இதுல விழுமா?”

“விழும், பெரியம்மா.”

“அப்ப நரி எங்க போகுதுன்னு நாங்களே சொல்லிட்டுப் போறோம். இத எதுக்கு வைக்க?”

இக்கேள்வி கற்பனையான அச்சத்திலிருந்து எழுந்ததன்று. உத்தராகண்டின் கார்பெட் புலிகள் காப்பகத்தில் திரிசாந்த் சிம்லாயும் கிறிஸ் சாண்ட்புரூக்கும் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வு, விலங்குகளுக்கென வைத்த கேமராக்கள் விறகும் புல்லும் சேகரிக்கும் பெண்களுக்கு என்ன செய்தன என்று விவரிக்கிறது. இயற்கைக் கடன் கழிக்கச் சென்ற ஒரு பெண்ணின் படம் 2017இல் கைப்பேசிக் குழுக்களில் பரப்பப்பட்டது. ஊரார் கேமராக்களை உடைத்தனர். காட்டில் விலங்கு அணுகாதிருக்க உரக்கப் பாடியும் பேசியும் நடந்த பெண்கள், கேமரா பார்க்கிறதென்று குரலைத் தாழ்த்திக்கொண்டனர். ஆய்வாளரிடம் பேசியவர்களுள் ஒருவர் பின்னர் புலி தாக்கி இறந்தார்.

சீட்டா கேம்ப் மக்களுக்கு எண்ணப்படுதல் புதிதன்று. தமிழர் கணிசமாக வாழும் அக்குடியிருப்பு, நெருக்கடி நிலையின்போது 1976 மே மாதம் ஜனதா காலனி இடிக்கப்பட்டு ஏறத்தாழ 70,000 பேர் பெயர்க்கப்பட்டதால் உருவானது. அக்காலனியின் எதிர்ப்பை முன்னின்று நடத்தியவர் கோலார் தங்கவயலில் பிறந்த ஜோக்கின் அற்புதம். அவ்வாண்டு ஜனவரியில்தான் மும்பைக் குடிசைகள் கணக்கெடுக்கப்பட்டுப் புகைப்பட அட்டைகள் வழங்கப்பட்டன. படம் ஒட்டிய அந்த அட்டைக்குப் பின்னாளில் எவ்வளவு மதிப்பு வந்தது என்பதை மூத்தோர் அறிவர். பதியப்படாதவர் இல்லாதவராகிவிடும் ஊரில், பதியப்படாமல் இருக்கும் உரிமையைக் கோருவது எளிய செயலன்று. அந்த மூதாட்டி அதைத்தான் கோரினார்.

மாணவி 850 நானோமீட்டர் விளக்குள்ள கேமராக்களை வாங்கினார். எரிவது தெரியவேண்டும் என்பதே காரணம். திருட்டு அச்சத்தைக் கூறி வழிகாட்டியான பேராசிரியர் தயங்கினார், நியாயமான தயக்கம்தான். வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு, பெண்கள் செல்லும் மூன்று பாதைகள் வரைபடத்திலிருந்து அவர்களாலேயே நீக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று நரி நடமாட்டம் மிகுந்த தடம். முடிவுகளின் துல்லியம் அதனால் குறையும், அந்த இழப்பை ஆய்வேட்டில் எண்ணாகவே காட்ட வேண்டும். மற்ற இடங்களில் கேமரா 30 சென்டிமீட்டர் உயரத்தில் சற்றுக் கீழ்நோக்கிக் கட்டப்பட்டது. நடக்கும் மனிதருக்கு முழங்கால் மட்டும் விழும். தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் அறிவிப்புப் பலகை வைத்தார். மனிதர் விழுந்த படங்களை அன்றே அழிப்பதென்றும், அழிப்பதைக் குடியிருப்பிலிருந்து இருவர் உடனிருந்து பார்ப்பதென்றும் பேசி முடித்தனர். கைப்பேசி வலைவழிப் படம் அனுப்பும் வகை வேண்டாமென்று விட்டதற்கும் இதுவே காரணம். நகர நடுவில் அலைவரிசை தாராளமாய்க் கிடைத்தும்.

மழைக்கு முன் கேமராக்கள் கழற்றப்பட்டபோது ஆறில் ஐந்து இருந்தன. ஆறாவதை எடுத்தவர் யாரென்று தெரியவில்லை; அதன் நினைவட்டை மட்டும் மறுநாள் அறிவிப்புப் பலகையின் மேல் வைக்கப்பட்டிருந்தது. அதில் நாய்கள், ஒரு கீரி, ஒன்பதாம் இரவில் 2.40 மணிக்கு வாயில் எதையோ கவ்விச் செல்லும் நரி ஒன்று.