நாலந்தா வீதியில் ஒரு பெல்பாஸ்ட் ஓவியர்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் ஏ9 வீதியில் இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேலே போனால் நாலந்தா. வழி நெடுக ஏலம், கறுவா, மிளகு என்று பலகை மாட்டிய வாசனைத் திரவியத் தோட்டங்கள். சுற்றுலா வான்கள் அங்கேதான் நிற்கும்; கெடிகே என்ற பழைய கற்கோயிலின் பலகையைப் பார்த்து பஸ்ஸைவிட்டு இறங்குகிறவர்கள் சொற்பம். அன்று இறங்கியது நானும் மாத்தளை மாஸ்டரும் மட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர். "குடை எடுத்துக்கங்க தம்பி, அங்கே நிழல் இல்லை" என்று எச்சரித்தவர், தன் குடையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

என்னை அங்கே இழுத்தது ஓர் ஓவியர். பெயர் அன்ட்ரூ நிக்கல். 1804இல் பெல்பாஸ்டில் பிறந்தவர். தகப்பனுக்குச் சப்பாத்துத் தைக்கும் தொழில். பையன் அச்சகமொன்றில் தொழில் பழகினான். ஓவியத்தை ஏறக்குறையத் தானாகவே கற்றுக்கொண்டான். பிறகு லண்டன் போய், டல்விச் ஓவியக்கூடத்தில் பழைய மேதைகளின் படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்து கையைத் தேற்றிக்கொண்டான்.

அயர்லாந்தில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை கடற்கரைக் காட்சிகள். தூரத்தில் கடலோ கோட்டையோ மங்கலாகத் தெரியும். முன்னால் ஒரு மண்வரம்பு, அதில் பொப்பியும் டெய்சியும் புல்லும் கண்ணுக்கு நேரே நிற்கும். நாம் புல்லுக்குள் குப்புறப் படுத்துக்கொண்டு கடலைப் பார்ப்பதுபோல இருக்கும். அந்தப் பூக்களுக்கு அவர் வைத்திருந்த உபாயம் கத்தி முனை. நீர்வர்ணத்தைப் பூசிக் காயவிட்டு, பிறகு கத்தியால் சுரண்டினால் அடியில் உள்ள தாளின் வெள்ளை வெளியே வரும். அந்த வெள்ளைதான் இதழ், அதுதான் புல் நுனியின் வெளிச்சம். ஒரு கீறல் ஆழமாய் விழுந்தால் தாள் கிழிந்துவிடும். அவர் கைக்கு அந்த அளவு தெரிந்திருந்தது.

இந்த மனிதர் இலங்கைக்கு வந்தது 1846இல். அவரை ஆதரித்துவந்த எமர்சன் டெனன்ட், பெல்பாஸ்டின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர், அப்போது இங்கே குடியேற்றச் செயலாளர். நிக்கலுக்குக் கொழும்பு அக்கடமியில் சித்திரம் கற்பிக்கும் வேலை கிடைத்தது. இன்றைய றோயல் கல்லூரிதான் அது. 1848இல் காட்டு வழியாகப் பழைய நகரங்களைத் தேடி ஐந்து வாரம் படம் வரையப் புறப்பட்டார். அந்தப் பயணத்தைப் பற்றி அவரே எழுதிய கட்டுரை 1852இல் டப்ளின் சஞ்சிகை ஒன்றில் வந்தது. புறப்பட்ட நேரம் மட்டும் சரியில்லை. அவர் காட்டுக்குள் தூபிகளையும் சிலைகளையும் வரைந்துகொண்டிருக்க, கண்டி நாட்டில் கலகம் வெடித்துவிட்டது.

கண்டியிலிருந்து தம்புள்ளைக்கும் அதற்கு அப்பாலும் போக நாலந்தா வழிதான் வழி. கலகம் பரவியதும் இதே பக்கத்தில்தான். கோப்பி விலை விழுந்து கஜானா காலியானதும் அரசாங்கம் துவக்குக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி என்று போட்டது. போதாக்குறைக்கு ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை. மாட்டேன் என்றால் மூன்று ஷில்லிங். 1848 ஜூலை 26 அன்று தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டிக்கொண்டான். இரண்டே நாளில் கூட்டம் மாத்தளையில், கச்சேரி தாக்கப்பட்டது. மறுநாள் இராணுவச் சட்டம். ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் கலகத் தலைவர்களில் ஒருவனான புரன் அப்புவைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த வரிகளைப் போட்ட அரசாங்கத்தின் செயலாளர்தான் நிக்கலின் ஆதரவாளர் என்பதைப் படங்களைப் பார்க்கும்போது நான் மறப்பதில்லை. மறக்கவும் கூடாது என்பது என் கட்சி.

மாஸ்டருக்கு டெனன்ட் கதையில் அக்கறை இல்லை. "இந்த ரோட்டாலதான் தம்பி எங்க ஆளுங்க நடந்து வந்தாங்க" என்றார். உண்மைதான். தமிழ்நாட்டிலிருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, கங்காணிக்குப் பின்னால் மிகிந்தலை, தம்புள்ளை என்று காட்டோடு நடந்து, இதே நாலந்தாவைக் கடந்துதான் மாத்தளைக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். "அந்த வெள்ளைக்காரர் படத்திலே நம்மாளு யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார். நான் அச்சில் பார்த்த படங்களில் மனிதர்கள் வந்தாலும் தூபியின் உயரத்தைக் காட்டுவதற்காகத்தான் வருகிறார்கள், முகம் தெரியாது என்றேன். "அப்போ இருந்தாலும் தெரியாதுல்ல" என்றார்.

கெடிகேக்குப் போகும் பாதை போவதென்ன என்னும் நீர்த்தேக்கத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. நிக்கல் காலத்தில் இங்கே நீரும் இல்லை, இந்த மேட்டில் கட்டடமும் இல்லை. அப்போது அது தாழ்வான வெளியில் சிதைந்து கிடந்தது. மகாவலித் திட்டத்தில் அந்த இடம் முழுகப் போகிறது என்றானதும், கல் கல்லாகக் கழற்றி இங்கே கொண்டுவந்து 1980களில் மறுபடியும் அடுக்கினார்கள். பல்லவர் காலத்து மாமல்லபுரத்தைப் பார்த்தவருக்கு ஊர் திரும்பியதுபோல இருக்கும்: முழுக்கக் கருங்கல், சின்ன மண்டபம், கர்ப்பக்கிருகம், மேலே விமானம், கூடுகளுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் முகங்கள். தெற்குப் பக்கத்தில் தொப்பை வயிற்றுக் குபேரன். ஆனால் வழிபாடு பௌத்தம். எட்டாம் நூற்றாண்டுக்கும் பதினொன்றாம் நூற்றாண்டுக்கும் நடுவே எங்கே வைப்பது என்று அறிஞர்கள் இன்னும் ஒத்துவரவில்லை. அடித்தளத்தில் புணர்ச்சிச் சிற்பம் ஒன்று இருக்கிறது. தேய்ந்துபோய்விட்டது, குந்தியிருந்து, வெயில் பக்கவாட்டில் விழும்போது பார்த்தால்தான் உருவம் பிடிபடும். மாஸ்டர் அதைக் காட்டிவிட்டு, வாத்தியாருக்கே உரிய அவசரத்தோடு அடுத்த மூலைக்குப் போய்விட்டார்.

நிக்கல் இலங்கையில் வெகுகாலம் தங்கவில்லை. ஆனால் டெனன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய இரண்டு பாகப் பெரிய நூலில் அவருடைய சித்திரங்கள் மரக்கட்டை அச்சாக ஏறின. அந்த நூல் விற்ற விற்பனையில் இலங்கையின் இடிபாடுகளை ஆயிரக்கணக்கான ஆங்கில வீடுகள் அவர் கண்வழியாகவே பார்த்தன. 1860இல் ஐரிஷ் அரச கலைக்கழகம் அவரை முழு உறுப்பினராக்கியது. 1886இல் லண்டனில் இறந்தார்.

என்னைக் கேட்டால், அவருடைய ஐரிஷ் பூக்கள்தான் மேல். அங்கே அவர் தரையோடு தரையாகப் படுத்திருக்கிறார். இங்கே ஒரு விருந்தாளியின் தூரத்தில் நிற்கிறார். காட்டின் பச்சையைக்கூட வடநாட்டு மஞ்சள் வெயிலில் முக்கி எடுத்திருக்கிறார். என்றாலும் காட்டுக்குள் புதைந்திருந்த தூபிகளை, தொல்லியல் திணைக்களம் வந்து துப்புரவாக்குவதற்கு முன்னால் அவை கிடந்தபடியே பார்க்க, நமக்கு அவரைப் போன்ற சிலரை விட்டால் வேறு கண் இல்லை. மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். தம்புள்ளையிலிருந்து வந்த பஸ்ஸுக்குக் கை காட்டியபடியே, அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். படத்தில் ஆட்கள் இருக்கும் பக்கங்களை மட்டும்.