விளாம்பழம் மணக்கும் வழி

ஹபரணையிலிருந்து திருகோணமலை நோக்கி வரும் நெடுஞ்சாலை கந்தளாயைக் கடந்து, தம்பலகாமத்து வயல்வெளியை அடுத்துச் சென்று, சீனக்குடாவை அணுகுங்கால் கடற்காற்றினுள் புகுகின்றது. கோணேசர் வீற்றிருக்கும் மலையையும் புகழ்பெற்ற இயற்கைத் துறைமுகத்தையும் கண்டு களிக்க இவ்வழியே வருவோர் பலர். ஆயின், இவ்வறண்ட நிலத்துக்கே உரிய மணமொன்றை நுகர்ந்து செல்வோர் சிலரே. அதுவே விளாம்பழத்தின் மணம்.

நீர் வளம் குன்றிய மண்ணிலும் தானே வளர்ந்து பயன்தருவது விளா. அதன் கனியோ மரக்கட்டை போன்ற வன்மையான ஓடுடையது. ஓட்டை உடைத்து, கபில நிறச் சதையைச் சர்க்கரையுடன் பிசைந்து உண்பர். தேங்காய்ப்பாலில் கரைத்துப் பருகுவாரும் உளர். பழத்தை ஓரடி உயரத்திலிருந்து தரையில் விட்டுப் பார்ப்பது ஒரு சோதனை. முற்றாதது துள்ளும், முதிர்ந்தது துள்ளாது கிடக்கும். விநாயகப் பெருமான் விளாவையும் நாவலையும் விரும்பி உண்பவர் என்று வடமொழித் தோத்திரம் போற்றுகின்றது. கந்தளாய்க் காட்டு யானைகளும் அவ்விருப்பத்தில் அவருக்குக் குறைந்தனவல்ல!

இக்கனியின் மணத்தைப் பகுத்தாராய்ந்த முடிவுகள் 1981ஆம் ஆண்டில் வெளிவந்தன. பியூற்றிரிக் அமிலமும் அதிலிருந்து பிறக்கும் எசுத்தர்களும் அதன் மணப்பொருள்களுள் அடங்கும். அவ்வமிலம் தனித்து நின்றால் நாட்பட்ட நெய்யின் காறல் நாற்றமே வீசும். அதனோடு கள்ளிலும் சாராயத்திலும் உள்ள எதைல் அற்ககோல் கூடி, நீர் பிரிந்து நீங்கினால், எதைல் பியூற்றிரேற்று என்னும் எசுத்தர் உண்டாகின்றது. என்ன விந்தை! நாற்றம் மறைந்து அன்னாசி மணம் கமழ்கின்றது.

1851இல் இலண்டனில் நடைபெற்ற பெருங்கண்காட்சியில் செயற்கைப் பழ மணச் சாரங்கள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றை ஆராய்ந்த செருமானிய அறிஞர் ஹொப்மன், 'அன்னாசி எண்ணெய்' எனப்பட்டது இவ்வெசுத்தரே எனக் கண்டார். இன்று இது இனிப்புப் பண்டங்களிலும் குளிர்பானங்களிலும் வாசனைத் திரவியங்களிலும் கலக்கின்றது. ஆலையில் ஆக்கப்படினும் கனியில் விளையினும் அதன் மூலக்கூறு ஒன்றே. ஆதலின் செயற்கை என்னும் காரணத்தால் மட்டும் அதனை இகழ்தல் அறிவுடைமையாகாது.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. ஆலை, காறலை நீக்கி இனிமையை மட்டும் போத்தலில் அடைக்கின்றது. விளாம்பழமோ இரண்டையும் ஒருங்கே தாங்கி நிற்கின்றது. அதனாலேயே ஒருவர் அதனை நறுமணம் என்பர். மற்றொருவர் மூக்கைப் பொத்துவர். போத்தல் மணத்திலேயே பழகிய நகரத்துப் பிள்ளைகள் உண்மைப் பழத்தை வெறுத்து ஒதுக்குவதை நான் கண்டிருக்கிறேன். விரும்புவார் இல்லாத பழத்தின் மரத்தைக் காப்பார் யார்? வேலிக்கும் வீட்டுக்கும் இடம் வேண்டியபோது கோடரி முதலில் தேடுவது அத்தகைய மரத்தையே.

ஆகவே, கோணேசரைத் தரிசிக்க வரும் குடும்பத்தினர் வழியில் விளாம்பழம் கண்டால் இரண்டொன்று வாங்கிச் செல்வாராக. வீட்டில் உடைத்ததும், சர்க்கரை சேர்க்கு முன்னரே பிள்ளைகளை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். முதலில் அவர்கள் முகம் சுளிக்கலாம். அதனாற் குற்றமில்லை, உண்டு பார்த்தபின் மறுபடியும் முகர்வார்கள்.