பாவம், அந்த ஸ்கோப்!

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை ரைஃபிள் மான் வேட்டை தொடங்கும் (2019-க்கு முன்பு திங்கட்கிழமை). அதற்கு முந்தின நாள் சுடுதளங்களில் கூட்டம் சேரும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஹாஸ்டல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன் :-)

அந்தக் கூட்டத்தில் ஒருவரைக் கற்பனை செய்து பாருங்கள். அக்டோபரிலேயே ரைஃபிளை ஜீரோ செய்து வைத்தவர். ஜீரோ என்றால் வேறொன்றுமில்லை, ஸ்கோப்பின் குறுக்குக் கோடுகள் காட்டும் இடத்திலேயே குண்டும் போய் விழுவது. ஆனால் இன்று 100 கஜத்தில் முதல் குண்டு மூன்று அங்குலம் இடப்பக்கம் போகிறது. ஸ்கோப்பின் பக்கவாட்டில் உள்ள குமிழைத் திருப்பி வலப்பக்கம் நகர்த்துகிறார். ஒரு கிளிக்குக்குக் கால் அங்குலம், ஆக 12 கிளிக். அடுத்த குண்டு வலப்பக்கம் தாண்டிவிடுகிறது. மறுபடி குமிழ். மறுபடி இடப்பக்கம். இருபது தோட்டாப் பெட்டியில் ஒன்பது காலியானதும் "ஸ்கோப் போச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்.

மூன்று அங்குலத்துக்கா இவ்வளவு அலட்டல்? மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் எட்டு அங்குல வட்டம்தான். 100 கஜத்தில் மூன்று அங்குலப் பிழை 200 கஜத்தில் ஆறு அங்குலம். நடு மையத்தைப் பார்த்துச் சுட்டாலும் குண்டு வட்டத்துக்கு வெளியே போய்விடும். வயிற்றில் குண்டு பட்ட மான் அங்கேயே விழாது. ஓடிப்போய் ஏதாவது புதரில் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். சுட்டவர் கையில் அது கிடைக்காமலே போகலாம்.

சரி, குமிழைத் திருப்பியதில் என்ன தப்பு? எட்வர்ட்ஸ் டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் தன் கருத்தரங்குகளில் ஒரு சோதனை செய்து காட்டுவார். புனல் வழியாகக் கோலிக்குண்டைக் கீழே ஒரு குறியை நோக்கிப் போட வேண்டும். புனலை அசைக்காமல் விட்டாலும் கோலி குறியைச் சுற்றிக் கொஞ்சம் சிதறத்தான் செய்யும். ஒவ்வொரு முறையும் கோலி விலகிய அளவுக்குப் புனலை எதிர்ப்பக்கம் நகர்த்திப் பார்த்தால் சிதறல் குறைய வேண்டும் அல்லவா? அதுதான் இல்லை, சுமார் 40 சதவீதம் கூடிவிடும்! நம் வேட்டைக்காரர் ஒன்பது தோட்டாவில் செய்ததும் இதையேதான். குறைந்தது மூன்று குண்டாவது குமிழைத் தொடாமல் சுட்டு, அவற்றின் நடுப்புள்ளியைப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

ஆனால் அவர் விஷயத்தில் அது பாதிக் கதைதான். குமிழைத் தொடாமல் சுட்ட மூன்றும் ஆளுக்கொரு திசையில் போயின. அப்போதும் முதல் சந்தேகம் ஸ்கோப் மேல் வரக்கூடாது. ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் இரண்டு வளையங்களுக்கும் நடுவே ஐந்து அங்குலம் என்று வைத்துக்கொண்டால், ஒரு முனை வெறும் 0.003 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட ஒரு தலைமுடித் தடிமன், நகர்ந்தாலே 100 கஜத்தில் இரண்டு அங்குலத்துக்கு மேல் விலகும். அதனால் தோட்டாவை எல்லாம் எடுத்துவிட்டு முதலில் பார்க்க வேண்டியது திருகுகளை. அடுத்தது குழாய்க்கும் மரக்கட்டைக்கும் நடுவே உள்ள இடைவெளி. ஈரத்தில் கட்டை உப்பிக் குழாயைத் தொட்டாலும் குறி மாறும். அங்கே அமெரிக்கர்கள் ஒரு டாலர் நோட்டை நுழைத்து இழுத்துப் பார்ப்பார்கள், பைசா செலவில்லாத சோதனை. பிறகு தோட்டா ரகம் மாறியிருக்கிறதா, குழாய் சூடாக இருக்கிறதா என்பதெல்லாம்.

ஸ்கோப்பே கெட்டுப்போவதும் உண்டு. உள்ளே லென்ஸ்கள் கொண்ட சின்னக் குழல் ஒன்றை ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் ஒவ்வொரு வெடிக்கும் குழல் இடம் மாறும். வேடிக்கை என்னவென்றால் இதில் பெரிய வில்லன் ஸ்பிரிங் வைத்த ஏர்கன்தான். அதன் பிஸ்டன் முன்னும் பின்னும் உதைப்பதால், பெரிய ரைஃபிளைத் தாங்கிய ஸ்கோப்கூட அதில் உடைந்துபோகலாம். சோதிக்க வழி இருக்கிறது. ஒரே குறியைப் பார்த்துச் சுட்டபடி குமிழை மேலே 20, வலது 20, கீழே 20, இடது 20 கிளிக் நகர்த்துங்கள். கடைசிக் குண்டு முதல் குண்டின் பக்கத்தில் விழாவிட்டால் ஸ்கோப் மேல் தாராளமாகப் பழி போடலாம். இன்னும் சுலபம், நன்றாக வேலை செய்யும் வேறு ஸ்கோப்பை மாட்டிப் பார்ப்பது.

நம் ஆள் ஸ்கோப்பைக் கழற்றினார். அதன் அடியில் மறைந்திருந்த பின்பக்கத் தாங்கியின் திருகு விரலால் திருப்பினாலே சுற்றியது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, முறுக்கி, ஸ்கோப்பை மாட்டி மூன்று குண்டு சுட்டார். மூன்றும் ஒரே இடத்தில், ஆனால் அவர் திருப்பி வைத்த குமிழின் புண்ணியத்தால் ஒரு பக்கமாக! அதைச் சரிசெய்துவிட்டு இன்னும் இரண்டு.

பெட்டியில் மிச்சம் மூன்று. ஒரு சீசனுக்கு ஒரு கொம்பு மான்தான் அனுமதி, போதும்.